வாய்தாவுக்கு வராத தம்பி

மருதையன் வாத்தியார் பொய் சொல்லிப் பழகியவர் அல்ல. முப்பத்து நான்கு வருஷம் அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். சாமி கும்பிட மாட்டார், ஜாதகம் பார்க்க மாட்டார். ஒரே மகள் எழிலரசிக்குத் தாலியும் ஐயரும் இல்லாமல் கல்யாணம் செய்துவைத்தார். அப்பேர்ப்பட்ட மனிதர், இரண்டாயிரத்துப் பதினாலாம் ஆண்டு நவம்பர் மாதம், அமெரிக்காவில் மகள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, குடவாசல் பக்கத்துக் கீழக்கோவனூரில் இருந்த தன் அக்காள் ராசம்மாளிடம் போனில் ஒரு பொய் சொன்னார்.

"பிளேன்ல டிக்கெட் கிடைக்கலக்கா."

மூன்றே வார்த்தை. அதற்கு ஐந்து மா நிலம் போயிற்று.

அந்த ஐந்து மா, ஏக்கர் கணக்கில் ஒன்றரைக்குச் சற்று மேல், ஒரு மடத்துக்குச் சொந்தம். கடவுளின் பெயரால் ஆயிரக்கணக்கில் நிலம் வைத்துக்கொண்டு, ஒரு நாள்கூடச் சேற்றில் கால் வைக்காமல் நெல்லை மட்டும் அளந்து வாங்கிக்கொள்கிற ஏற்பாடு இந்த நாட்டில் எத்தனை நூற்றாண்டாக நடக்கிறதோ, அந்த ஏற்பாட்டில் ஒரு துண்டு. மருதையனின் அப்பா அதில் முதலில் பண்ணையாள், பிறகு குத்தகைதாரர். அறுபத்தொன்பதில் புது ஆட்சி கொண்டுவந்த சட்டப்படி, உழுகிறவன் பெயரைத் தாலுகா ஆபீஸில் பதிய வேண்டும் என்று ஆனது. பதிந்துவிட்டால் சும்மா கிளப்பிவிட முடியாது. மடம் அதற்கு முன்னால் கிளப்பிவிடப் பார்த்தது. எழுபத்தொன்றில் மடத்து ஆட்கள் நட்ட பயிரைப் பிடுங்க வந்தார்கள். அப்பா அப்போது விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்களோடு ஜெயிலில். மருதையன் கும்பகோணத்தில் கல்லூரி விடுதியில். வரப்பில் கருக்கரிவாளோடு நின்றது ராசம்மாள். இருபத்தைந்து வயது. புருஷன் பாம்பு கடித்துச் செத்து, பிள்ளை குட்டி இல்லாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள்.

"பயிரைத் தொட்டீங்கன்னா கையில ஒண்ணும் மிஞ்சாது" என்று சொன்னாளாம். பிடுங்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அப்பா பெயர் பதிவேட்டில் ஏறியது.

எண்பத்தாறில் அப்பா இறந்தார். அடுத்த வருஷம் பெயர் மாற்ற வந்த கிராம அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஆம்பிளை வாரிசு யாரு?" மருதையன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில்தான் அக்காள் நின்றாள், முட்டிவரை சேறு. அந்த வாரம்தான் அவர் திருவாரூரில் ஒரு கூட்டத்தில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்திருந்தார். கைதட்டல் காதில் இருந்தபோதே அந்தக் கையெழுத்து. யாரும் அதை ஒரு தப்பாகப் பார்க்கவில்லை. அக்காளும் பார்க்கவில்லை. ஒரு அநியாயம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதற்கு, செய்கிறவனுக்கும் படுகிறவளுக்கும் அது உறைக்காததைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

அதற்கப்புறம் இருபத்தேழு வருஷம் பதிவு தம்பி பெயரில், பாடு அக்காள் மேல். நாற்று விட்டாள், நட்டாள், ராவும் பகலும் தண்ணீருக்கு முறை காத்தாள், மடத்துக் குத்தகை நெல்லைத் தவறாமல் அளந்தாள். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் உளுந்து தெளித்தாள்.

இரண்டாயிரத்துப் பத்தில் மடத்துக்குப் புது ஏஜெண்ட் வந்தார். பெயர் அமிர்தலிங்கம். மருதையனிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். பார்த்தால் இன்றும் பைக்கை நிறுத்திவிட்டு, "வணக்கம் சார்" என்பார். அந்த மரியாதைக்காரர்தான், பதிவு பெற்றவர் நிலத்தில் உழைக்கவில்லை, நகரத்தில் வசதியாக இருக்கிறார், பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று மனுப் போட்டார். பதிலுக்கு மருதையனும் ஒரு மனுப் போட்டார்: குடும்பத்தில் என் அக்காள்தான் உழுகிறாள், என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போடுங்கள். நிலம் காப்பாற்றப்படவும், பழைய தப்பு திருத்தப்படவும் அது ஒரே வழி. அவர் நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஆனால் வாய்தா! நாலு வருஷத்தில் பதினோரு வாய்தா. ஒரு முறை அதிகாரி மாற்றலாகிப் போனார். ஒரு முறை தேர்தல் வேலை. ஒரு முறை மடத்து வக்கீலுக்குக் காய்ச்சல். அக்காளும் தம்பியும் காலையில் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, சாயங்காலம் புதுத் தேதியோடு திரும்புவார்கள். இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு மழை பொய்க்கும் என்று தெரியும், ஆறு பொய்க்கும் என்று தெரியும். வாய்தா தள்ளிப்போகும் என்பது மட்டும் பொய்க்காது என்று நம்புவார்கள். மருதையனும் நம்பினார். பன்னிரண்டாவது வாய்தா டிசம்பர் ஒன்றாம் தேதி என்றார்கள்.

செப்டம்பரில் அவரும் மனைவி அம்சவல்லியும் மகள் வீட்டுக்கு நியூஜெர்சி போனார்கள். நவம்பர் இருபத்து நாலு திரும்ப டிக்கெட். வாய்தாவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடலாம்.

போய்ச் சேர்ந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எழிலரசி அவர்களை ஒரு அவுட்லெட் மாலுக்குக் கூட்டிப்போனாள். ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். ஊருக்கு வெளியே பொட்டலில், ஓடு வேய்ந்த வீடுகள் மாதிரி வரிசை வரிசையாகக் கடைகள். பெரிய பெரிய கம்பெனிகள் விற்காமல் தேங்கின சரக்கை இங்கே கொண்டுவந்து பாதி விலைக்கும் கால் விலைக்கும் தள்ளிவிடும்.

"இது ஆடி மாசங்கூட இல்லையே, என்னத்துக்குத் தள்ளுபடி போடுறான்?" என்றாள் அம்சவல்லி.

"இங்க பன்னெண்டு மாசமும் ஆடிதாம்மா" என்றாள் மகள்.

மருதையன் சிரித்துக்கொண்டே ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தார். நுழைந்தவர் இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அவருக்குப் பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடச் சட்டைக்குத் துணி எடுக்க அப்பா அவரை டவுனுக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் இவர்களைப் படிக்குக் கீழேயே நிறுத்தினார். துணியை விரித்துக் காட்டவில்லை. "தொட்டா வாங்கணும், தெரியுதா?" என்றார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தூரத்திலிருந்தே ஒரு நீலத் துணியைக் காட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பூச்சி அரித்த ஓட்டை. திருப்பிக் கொடுக்கப் போகவில்லை. போக முடியாது.

இங்கே எதை வேண்டுமானாலும் தொடலாம். போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி முன்னால் நின்று முன்னும் பின்னும் திரும்பலாம். அழுக்காக்கிவிட்டு வெறுங்கையோடு போனாலும், வாசலில் நிற்கிற வெள்ளைக்காரப் பெண் 'நன்றி ஐயா, நல்ல நாளாக இருக்கட்டும்' என்கிறாள். யார் நீ, எந்தத் தெரு என்று கேட்பார் இல்லை. அறுபத்திரண்டு வயதில் மருதையனுக்கு அது தலைக்கேறியது. மனிதனுக்கு மனிதன் தந்திருக்க வேண்டிய மரியாதையைக் கடை கொடுக்கிறது, அதுவும் பாதி விலையில்! எந்த மனுஷனுக்குத்தான் போதை வராது?

பிறகு ஞாயிறு தவறினாலும் அவுட்லெட் தவறவில்லை. அவர் அதைப் பாடமாகவே படித்தார். காலை கடை திறக்கும்போது போக வேண்டும். முன்வரிசையைப் பார்க்கவே கூடாது, பின்சுவர் ஓரம் தொங்குவதுதான் சரக்கு. விலைச்சீட்டின் மேல் சிவப்பு ஒட்டு ஒன்று இருந்தால் காத்திரு, இரண்டு இருந்தால் எடு. மால் ஆபீஸில் போய்க் கேட்டால் கூப்பன் புத்தகம் சும்மா தருவான். அம்சவல்லி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, டப்பாவில் கொண்டுவந்த புளிசாதத்தைத் தின்றபடி போகிற வருகிற நாய்களை வேடிக்கை பார்ப்பாள்.

"ஏங்க, நாலு பெல்ட்டு வாங்கிட்டீங்க. உங்களுக்கு இடுப்பு ஒண்ணுதானே?"

"விலையைப் பாரு அம்சம், விலையைப் பாரு."

"விலையைக் கட்டிக்கிட்டா நிக்கப் போறீங்க?"

நவம்பர் பதினாறாம் தேதி அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். கரும்பழுப்புக் கம்பளி, முழங்கால்வரை நீளம், உள்ளே பட்டு மாதிரி வழுவழு என்று துணி. போட்டதும் கண்ணாடியில் வேறு ஒருவர் நின்றார். ஒட்டு ஒன்றுதான் இருந்தது. பக்கத்தில் நின்ற குஜராத்தி மனிதர், "வரும் வெள்ளிக்கு அடுத்த வெள்ளி இதே பாதியாகும், அங்கிள்" என்று ரகசியம் சொன்னார். இருபத்தெட்டாம் தேதி. நன்றித் திருநாளுக்கு மறுநாள், கறுப்பு வெள்ளி என்று பெயர், வருஷத்திலேயே பெரிய தள்ளுபடி. மருதையன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கோட்டைக் கொண்டுபோய்க் குழந்தைகள் மழைச்சட்டைகளுக்கு நடுவில் ஒளித்து மாட்டினார்.

வீட்டுக்கு வந்து மகளிடம், "டிக்கெட்டை ஒரு பத்து நாள் தள்ள முடியுமாம்மா?" என்றார்.

"தள்ளலாம்ப்பா. ஆனா அத்தை கேஸ் ஒண்ணாந்தேதின்னீங்களே?"

"எந்த வாய்தா சொன்ன தேதியில நடந்திருக்கு? வக்கீல் போய் இன்னொரு தேதி வாங்கிடுவாரு. பொங்கல் கழிச்சுத்தான் போடுவான் பாரு."

டிசம்பர் ஐந்துக்கு டிக்கெட் மாறியது. அன்று ராத்திரி, ஊரில் காலை நேரம் பார்த்து, அக்காளுக்குப் போன் செய்தார்.

"எப்ப வர்ற தம்பி? நான் வெள்ளைச் சேலையைத் துவைச்சு வெச்சிருக்கேன், ஆபீசுக்குக் கட்டிக்கிட்டுப் போக. பயிர் தூர் கட்டி நிக்குது. இந்த வருஷம் நல்லா வந்திருக்கு."

அப்போதுதான் அந்த மூன்று வார்த்தை. நிஜத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒரு கோட்டுக்காக இருக்கிறேன் என்று சேற்றில் நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வது?

"கிடைக்கலைன்னா நீ என்ன பண்ணுவே, பாவம்" என்றாள் ராசம்மாள். "நான் போய்ச் சொல்லிக்கிறேன்."

"சங்கத்து வைரக்கண்ணுவைத் துணைக்குக் கூட்டிக்க. வாய்தா தள்ளும், பயப்படாதே."

இருபத்தெட்டாம் தேதி விடியுமுன் மூன்று மணிக்கு, பனியில், கடை வாசலில் வரிசையில் நின்றார். கதவு திறந்ததும் கூட்டம் ஓடியது. அவரும் ஓடினார். கோட்டு ஒளித்த இடத்திலேயே இருந்தது, அதில் இரண்டாவது சிவப்பு ஒட்டு! அக்காளுக்கும் ஒரு கம்பளிச் சால்வை எடுத்தார், மார்கழிக் குளிருக்கு ஆகும் என்று. வாசலில், கோட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் பைகளோடு மகளைப் போட்டோ எடுக்கச் சொன்னார். முகநூலில் போட்டார். மேலே தானே எழுதினார்: 'கறுப்பு வெள்ளி வேட்டை. கோட்டு கால் விலையில். வெற்றி!'

ஐந்து நிமிஷத்தில் முதல் விருப்பம் விழுந்தது. அமிர்தலிங்கம். 'சூப்பர் சார்' என்றும் எழுதியிருந்தார். மாணவனின் அன்பில் வாத்தியார் பூரித்துப்போனார்.

ஒன்றாம் தேதி தாலுகா ஆபீஸில் நடந்ததை, ஊர் திரும்பிய பிறகு வைரக்கண்ணுதான் சொன்னார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் நாற்பது வருஷம் கொடி பிடித்தவர், எதையும் மூடி மறைத்துச் சொல்லத் தெரியாது.

"புது அதிகாரி, வாத்தியாரே. கெட்டவர் இல்ல. இந்தக் கேசை இனிமே தள்ள மாட்டேன், நாலு வருஷம் ஆச்சுன்னு உக்காந்துட்டாரு. நம்ம வக்கீல் தேதி கேட்டாரு. எதுக்குன்னாரு. டிக்கெட் கிடைக்கலன்னாரு வக்கீல். அக்காவும் கையெடுத்துக் கும்பிட்டு, 'ஆமாங்க, என் தம்பி பொய் சொல்லாதுங்க, பிளேன்ல எடமில்லைன்னு தவிச்சுக்கிட்டுக் கெடக்குதுங்க'ன்னு சொல்லுச்சு."

வைரக்கண்ணு நிறுத்தி வெற்றிலையைத் துப்பினார்.

"அமிர்தலிங்கம் பையிலேருந்து ஒரு காயிதத்தை எடுத்தான். கலர்ல பிரிண்ட் போட்டு வெச்சிருந்தான். மேசை மேல வெச்சு, 'ஐயா, இவருதான் ஏழைக் குத்தகைதாரர். மூணு நாளைக்கு முன்னால எடுத்த போட்டோ. டிக்கெட்டுக்குத் தவிக்கிறதைப் பாருங்க'ன்னான். அதிகாரி பாத்துட்டு அக்காகிட்ட நீட்டுனாரு. 'இது உங்க தம்பியாம்மா?' அக்கா ரொம்ப நேரம் பாத்துச்சு. கோட்டுல உங்களை அடையாளம் தெரியலையோன்னு நெனச்சேன். அப்புறம், 'ஆமாங்க'ன்னுச்சு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"'நான்தாங்க உழுறேன்'னுச்சு. அதிகாரி பதிவேட்டைப் புரட்டிப் பாத்துட்டு, 'உங்க பேர் இதுல எங்கயுமே இல்லையேம்மா. உங்க தம்பி நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அவர் வரலை. நான் எதை வெச்சு எழுதுறது?'ன்னாரு. அவருக்கே மனசு கஷ்டம்தான். எழுதிட்டாரு."

பதிவு ரத்தானது. நின்ற பயிரை மட்டும் அறுத்துக்கொள்ளலாம்.

ஊர் வந்த அன்றே மருதையன் அக்காள் வீட்டுக்குப் போனார். ராசம்மாள் திட்டவில்லை. காப்பி கொடுத்தாள். மாப்பிள்ளை சௌக்கியமா என்று விசாரித்தாள். அவர் சால்வையை எடுத்து நீட்டினார். அவள் விரித்து, விரலால் நெருடிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. இதை வாங்கத்தான் நின்னியா தம்பி?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளே எடுத்துக் கொடுத்த சாக்கு. அவள் நம்பியும் இருப்பாள், அல்லது நம்பியது மாதிரி இருந்திருப்பாள்.

"இல்லக்கா" என்றார் மருதையன். "எனக்கு ஒரு கோட்டு."

ராசம்மாள் தலையாட்டினாள். சால்வையை மடித்துப் பெட்டி மேல் வைத்துவிட்டு, மாட்டுக்கு வைக்கோல் போட எழுந்து போனாள்.

மேல்முறையீடு போட்டார். அமைச்சருக்கு எழுதினார், கட்சி மாவட்டச் செயலாளரைப் பார்த்தார், பத்திரிகைக்கு எழுதினார். மடங்கள் மக்கள் நிலத்தை விழுங்குவது பற்றி அவர் எழுதியதில் ஒரு வரியும் தப்பில்லை. உழுகிறவளின் பெயர் அறியாத பதிவேடு என்ன பதிவேடு என்று கேட்டதும் நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கவேண்டிய இடத்தை இருபத்தேழு வருஷம் அடைத்துக்கொண்டிருந்தது மடமில்லை என்று அவருக்குத் தெரியும். எழுதும்போதெல்லாம் பேனா அந்த இடத்தில் நின்றது. அந்த ஒரு வரியை மட்டும் அவர் எந்தப் பத்திரிகைக்கும் எழுதவில்லை. முறையீடு இன்னும் கிடக்கிறது.

அறுப்பு முடிந்ததும் மடம் நிலத்தைக் கைப்பற்றி, அமிர்தலிங்கத்தின் மச்சானுக்குக் குத்தகைக்கு விட்டது. அடுத்த ஐப்பசியில் ஒரு காலை மருதையன் அக்காளைப் பார்க்கப் போனபோது, ராசம்மாள் வீட்டில் இல்லை, நடவுக்குப் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்த வயல் என்று கேட்டார். சொல்லத் தயங்கினார்கள்.

பதினாலு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காளின் முதுகு அவருக்குத் தெரிந்தது. அறுபத்தொன்பது வயதில், தன் வயலில், கூலிக்கு. "வடமேற்கு மூலையில பள்ளம்டி, தண்ணி தங்கும். நாத்தை நெருக்கி வைங்க, இல்லேன்னா அழுகிப்போயிடும்" என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மண்ணைப் பற்றி அங்கே இருந்தவர்களில் வேறு யாருக்கும் எதுவும் தெரியாது.

மருதையன் வரப்பில் நின்றார். செருப்பைக் கழற்றலாமா, இறங்கலாமா, இறங்கி என்ன செய்வது என்று புரியவில்லை. நாற்றுமுடியைப் பிடிக்கக்கூட அவருக்குத் தெரியாது.

குடையைப் பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்த இளைஞன், புதுக் குத்தகைதாரரின் மகன், அவரை ஏற இறங்கப் பார்த்தான். வெளியூரில் படித்தவன், ஆளைத் தெரியவில்லை.

"யாருங்க நீங்க? இந்த நிலம் சம்பந்தமா வந்திருக்கீங்களா?"

மருதையன் வாயைத் திறப்பதற்குள் வயலுக்குள்ளிருந்து பதில் வந்தது. ராசம்மாள் நிமிர்ந்திருந்தாள், ஒரு கையில் நாற்று, மறு கையை இடுப்பில் ஊன்றி. குரலில் கோபம் இல்லை, கேலி இல்லை, சொந்தத் தம்பி முதலாளி மகனிடம் பேச்சு வாங்கிவிடக் கூடாதே என்ற அவசரம்தான் இருந்தது.

"என் தம்பிங்க. அதுக்கும் நிலத்துக்கும் ஒண்ணும் இல்லைங்க. சும்மா என்னைப் பாக்க வந்துருக்கு."

சொல்லிவிட்டு, வரிசை நகர்ந்துவிட்டது என்று சட்டென்று குனிந்து நடத் தொடங்கினாள்.